கைபிரேக் போடாத ஊர்

இதை எழுதத் துணிந்தமைக்காக வாசகர்கள் முதற்கண் என்னைப் பொறுத்தருள வேண்டும். நான் எழுத்தாளன் அல்லன். ஜப்பானின் வடக்கே, ஹொரோசாவா ஊர் அலுவலகத்தின் குடிநீர்ப் பிரிவில் எழுத்தராகப் பணிபுரிகிறேன். இதுவரை நான் எழுதி அச்சேறியவை, கடுங்குளிர் நாட்களில் குழாய்களிலுள்ள நீரை வடித்துவிட்டு உறங்கச் செல்லுமாறு மக்களைக் கேட்டுக்கொள்ளும் அறிவிப்புகள் மட்டுமே. அவற்றிலும் சென்ற ஆண்டு ஒரு தேதி தவறாகிவிட்டது. ஒரு கார் வாங்கிய கதையில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று என் மனைவி சயோகோவும் கேட்டாள். அவள் கேட்டது நியாயமே. ஆயினும், பிப்ரவரி பதினொன்றாம் நாள் முற்பகலில் கணவாயின் மேல் நான் கண்டதை எவரிடமும் வாயால் சரியாகச் சொல்ல முடியவில்லை. ஆகவே எழுதிப் பார்க்கிறேன்.

எங்கள் ஊரில் பிரசவம் பார்க்கும் மருத்துவமனை இல்லை. கணவாயைக் கடந்து எழுபத்து நான்கு கிலோமீட்டர் சென்றால் துறைமுக நகரத்தில் ஒன்று உண்டு. சயோகோவுக்குக் குறித்திருந்த நாள் பிப்ரவரி இருபது. எங்களிடம் இருந்த பழைய காரில் முன்சக்கரங்கள் மட்டுமே இழுக்கும். பள்ளிக்கூட மேட்டைக்கூட அது பனியில் ஏறியதில்லை. ஆகவே முதல் பனி விழுமுன், நான்கு சக்கரங்களும் இழுக்கக்கூடிய, எங்கள் சிறிய கொட்டகைக்குள் அடங்கக்கூடிய ஒரு காரை நான் தேர்ந்தெடுத்தாக வேண்டியிருந்தது. தவறாகத் தேர்ந்தெடுத்தால் என்னவாகும் என்பதை நினைக்க நான் விரும்பவில்லை. நினைக்காமலிருப்பதற்காக ஓர் அட்டவணை தயாரித்தேன். பதினொரு கார்கள், பதினான்கு கட்டங்கள்.

சயோகோ அதை நெடுநேரம் பார்த்தாள்.

"குனி சான், இதுல குழந்தை எந்தக் கட்டத்துல வருது?"

அக்டோபர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அட்டவணையை மடித்து எடுத்துக்கொண்டு ஒனோதெரா அம்மையாரின் பட்டறைக்குச் சென்றோம். அவர் கணவரை இழந்தபின் தாமே பட்டறையை நடத்துபவர். பழைய கார்களும் விற்பார், ஓரிரு புதியவையும் நிற்கும். என் அட்டவணையை இரு கைகளாலும் மரியாதையுடன் வாங்கி, படிக்காமல், மரியாதையுடன் திருப்பித் தந்தார். பிறகு சுவரில் சாய்த்திருந்த, பனி அள்ளும் அலுமினிய ஷவலை எடுத்து, வரிசையாக நின்ற கார்களின் வயிற்றுக்கடியில் ஒவ்வொன்றாக நுழைத்துக்கொண்டே போனார். மூன்றாவது காரில் 'கிணுங்' என்றது.

"இது வயிறு தட்டுது. கணவாய்க்கு ஆகாது. பனி இதை அப்படியே தூக்கி உட்கார வெச்சிடும். நாலு சக்கரமும் காத்துல சுத்தும், நீங்க உள்ளே உட்கார்ந்து ரேடியோ கேட்கலாம்."

தட்டாதவற்றுள் இரண்டை எங்களுக்கு ஒதுக்கினார். ஒன்று புத்தம் புதிய வெள்ளைக் கார். கியரை 'P' என்னும் நிறுத்தத்தில் வைத்த கணமே அதன் கைபிரேக் தானாகப் போட்டுக்கொள்ளும். மற்றது ஏழு ஆண்டுப் பழையது. கடுகு நிறம், பெட்டி போன்ற வடிவம், இரு இருக்கைகளுக்கும் நடுவே கையால் இழுக்கும் பழைய பிரேக் நெம்பு. சாலையில் தூவும் உப்பு அதன் அடிப்பகுதியை அரித்திருக்கிறதா என்று பார்க்க ஒனோதெரா அட்டையை விரித்துப் படுத்தார். என்னையும் பக்கத்தில் படுக்கச் சொன்னார். நான் படுத்தேன். எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியாததால் தலையை மட்டும் அசைத்தேன்.

என் அட்டவணையின்படி வெள்ளைக் காருக்கே மதிப்பெண் அதிகம். மிகுந்த தயக்கத்துடன் அதைத் தெரிவித்தேன்.

"தானா போட்டுக்கும், சரி," என்றார் ஒனோதெரா. "மைனஸ் இருபத்தஞ்சுல காலையில தானா விடுமா? பிரேக் சக்கரத்தோட ஒட்டிக்கிட்டா, வலி எடுத்த பொண்ணை உள்ளே உட்கார வெச்சிட்டு நீங்க வெளியே வெந்நீர் ஊத்திக்கிட்டு நிப்பீங்களா?"

"அதை அணைத்து வைக்க ஒரு பொத்தான் இருப்பதாகப் புத்தகத்தில் படித்தேன்..."

"இருக்கு. ஒவ்வொரு தடவையும் அமுக்கணும். சாதாரண நாள்ல நீங்க மறக்கிற ஆளு இல்ல. அன்னைக்கு நீங்க சாதாரணமா இருப்பீங்களா?"

நவம்பர் முதல் ஏப்ரல் வரை எங்கள் ஊரில் எவரும் கைபிரேக்கைத் தொடுவதில்லை. ஓட்டுநர் பள்ளியில் முதல் வாரமே சொல்லிவிடுவார்கள்: கியரை நிறுத்தத்தில் வை, கண்ணாடி துடைக்கும் வைப்பர்களை நிமிர்த்து, கைபிரேக்கை மறந்துவிடு. தெற்கிலிருந்து மாற்றலாகி வரும் ஆசிரியர்கள்தாம் அதைப் போட்டுவிட்டு, மறுநாள் காலையில் சக்கரம் சுழலாமல் வாகன நிறுத்தத்தில் நிற்பார்கள். நாங்கள் அவர்களுக்கு வெந்நீர்க் கெண்டி கொண்டுபோய்க் கொடுத்து, சற்றுத் திரும்பி நின்று சிரிப்போம்.

இதற்கிடையில் சயோகோ கடுகு நிறக் காரின் பின்னிருக்கைகளை மடித்துவிட்டு அதற்குள் ஏறிப் படுத்திருந்தாள். கால் நீட்ட இடமிருந்தது.

"இங்கேயே பெத்துக்கலாம் போல இருக்கு, ஒனோதெரா சான்."

"பெத்துக்கோங்க. சீட்டு துவைக்கிறது நான் இல்ல, அவ்வளவுதான்."

அட்டவணை தோற்றது. கடுகு நிறக் கார் எங்கள் வீட்டுக்கு வந்தது.

அது பள்ளிக்கூட மேட்டை முதன்முதலாக ஏறிய காலையை நான் மறக்க மாட்டேன். இரவெல்லாம் விழுந்த பனி முழங்கால் அளவு கிடந்தது. நான் மெல்ல மிதித்தேன். ஒரு கணம் திகைத்ததுபோல் நின்ற கார், பின்சக்கரங்களும் பிடித்துக்கொண்டதும், குகையை விட்டு எழும் கரடியைப் போல் முதுகை உயர்த்தி ஏறத் தொடங்கியது. உச்சியை அடைந்ததும் தேவையே இல்லாமல் இறங்கி, அந்தச் சிறிய வண்டியைச் சுற்றி ஒரு முறை நடந்து வந்தேன். சயோகோ கண்ணாடியை இறக்கி, "கும்பிட்டு முடிச்சா வீட்டுக்குப் போகலாமா?" என்றாள்.

பிப்ரவரி பதின்மூன்றில் மருத்துவமனைக்கு அருகே ஒரு விடுதியில் தங்கச் செல்வதாக ஏற்பாடு. பதினொன்றாம் நாள் காலை ஆறு மணிக்கு வலி தொடங்கிவிட்டது. ஊரின் ஒரே ஆம்புலன்ஸ் முதல் நாள் ஒருவரை ஏற்றிச் சென்று, பனியால் திரும்ப முடியாமல் கணவாய்க்கு அப்பால் நின்றுவிட்டது. மருத்துவமனையில் நிதானமான குரலொன்று, "இப்பவே கிளம்பி வாங்க. அந்த வண்டியைக் கணவாய்ச் சுரங்கப்பாதைக்கு எங்க பக்கம் நிறுத்தி வைக்கிறோம்," என்றது. சயோகோ ஆறு சோற்று உருண்டைகளைப் பொட்டலம் கட்டினாள். நான் ஷவலையும் சுடுநீர்க் குடுவையையும் எடுத்துக்கொண்டேன். என்ன காரணத்தாலோ அட்டவணையையும் எடுத்துக்கொண்டேன்.

கணவாயில் வானமும் சாலையும் ஒன்றாகிவிட்டிருந்தன. சாலை எங்கே முடிகிறது என்பதை மேலிருந்து சுட்டும் அம்புப் பலகைகள் ஒவ்வொன்றாக வெண்மையிலிருந்து வெளிப்பட்டு, தலைக்கு மேல் கடந்து, மீண்டும் வெண்மைக்குள் மறைந்தன. ஒரு பலகையிலிருந்து அடுத்த பலகை வரை ஓட்டினேன். கார் ஒருமுறைகூட வழுக்கவில்லை. சயோகோ வலிக்கு வலி நிமிடங்களை எண்ணினாள். எட்டு. மீண்டும் எட்டு. பிறகு ஏழு.

சுரங்கப்பாதைக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால், ஏற்றத்தில், நீண்ட சரக்கு லாரி ஒன்று சாலையை அடைத்துக் குறுக்கே நின்றது. ஏற முடியாமல் வெகுநேரம் சக்கரங்களைச் சுழற்றியிருக்க வேண்டும். அதன் பின்னாலிருந்த பனி தேய்ந்து கண்ணாடியாகியிருந்தது. நான் சற்றுத் தள்ளி நிறுத்தி, கியரை நிறுத்தத்தில் வைத்தேன். "ஓரமாகப் போக இடமிருக்கிறதா என்று பார்த்து வருகிறேன்," என்று சொல்லி இறங்கி, லாரியை நோக்கிப் பத்தடி நடந்தேன். லாரி ஓட்டுநர் சன்னலிலிருந்து என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தார். நான் திரும்பினேன்.

எங்கள் கார் போய்க்கொண்டிருந்தது.

ஓசை இல்லை. அவசரமும் இல்லை. முகம் என்னை நோக்கியவாறே, விடைபெற்றுப் பின்னடி வைக்கும் விருந்தாளியைப் போல், பனியின் மேல் பின்னோக்கி நழுவிச் சென்றது. முன்கண்ணாடிக்குள் சயோகோவின் முகம் சிறுத்துக்கொண்டே போனது. நான் ஓட முயன்று விழுந்தேன். எழுந்து மீண்டும் விழுந்தேன். அந்தப் பக்கம் பள்ளத்தாக்கு. என் வாழ்நாளில் அவ்வளவு பெரிய அமைதியை நான் கேட்டதில்லை.

அப்போது அவளுடைய தோள் ஒருமுறை அசைந்ததைக் கண்டேன். நடுவே இருந்த அந்த நெம்பை அவள் இரு கைகளாலும் பிடித்து இழுத்திருந்தாள். காரின் வேகம் தளர்ந்தது. மெல்லத் திரும்பியது. பள்ளத்தாக்கின் பக்கம் அன்று, மலையின் பக்கம். பிறகு ஓரத்துப் பனிச்சுவருக்குள், படுக்கையில் உட்காருவதுபோல், பின்புறமாக அமர்ந்தது. ஒரு முன்சக்கரம் காற்றில் தொங்கியது.

நான் தவழ்ந்து சென்று கதவைத் திறந்தேன். கையில் இன்னும் நெம்பைப் பிடித்தபடி அவள் அமர்ந்திருந்தாள்.

"ஆறு நிமிஷம்," என்றாள்.

"சயோகோ, நான்..."

"மன்னிப்பு அப்புறம் கேட்டுக்கலாம், குனி சான். சைலன்சர் பனிக்குள்ள போயிடுச்சு. முதல்ல அதைத் தோண்டுங்க, இல்லன்னா புகையிலேயே தூங்கிடுவேன்."

நான் தோண்டினேன். விழும் பனிக்கும் எனக்கும் போட்டி. லாரி ஓட்டுநர் தம் வயர்லெஸ் கருவியில் உதவி கேட்டுக்கொண்டிருந்தார். ஐம்பது நிமிடங்கள் தோண்டியிருப்பேன். அப்போது தரை அதிர்ந்தது.

சுரங்கப்பாதையின் பக்கமிருந்து அது வந்தது. பனியைக் குடைந்து வீசும் பெரிய இயந்திரத்தை எங்கள் ஊர்த் தெருக்களில் நான் பலமுறை கண்டிருக்கிறேன். ஆனால் மலையின் மேல், அதற்குரிய இடத்தில், அன்றுதான் கண்டேன். வீட்டளவு உயர்ந்த மஞ்சள் உடல். அதன் வாய்க்குள் பனி மலைமலையாகப் போய், கழுத்து வழியாக வெளியேறி, சாலையைத் தாண்டி, மரங்களைத் தாண்டி, பள்ளத்தாக்குக்கு மேல் வளைந்து விழுந்தது. அந்நேரம் மேகம் சற்று விலக, வளைந்து விழும் பனி முழுவதும் ஒளிர்ந்தது. கையில் ஷவல் இருப்பதையே மறந்து நான் நின்றேன். லாரியின் ஓரமாகத் தனக்கொரு வழியைத் தானே தோண்டிக்கொண்டு வந்து, எங்கள் காருக்கு இரண்டடி முன்னால், ஒரு பசுவின் பொறுமையுடன் அது நின்றது.

அதிலிருந்து கமத்தா என்னும் உதவியாளர் இறங்கினார். ஏறக்குறைய என் வயதுடையவர்.

"யாரு பெத்துக்கப் போறது, நீங்களா? முகம் அப்படி இருக்கு," என்று என்னிடம் கேட்டார். பிறகு சயோகோவைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். "அம்மா, வாங்க. அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் நிக்குது. திரும்பிப் போக இருபது நிமிஷம்."

அந்த இயந்திரத்தில் இரண்டே இருக்கைகள். ஒன்று ஓட்டுநருக்கு. மற்றது கமத்தாவுடையது. சயோகோவை நான்கு படிகள் ஏற்றிவிட்டு நான் கீழே நின்றேன். சயோகோ மேலிருந்து என்னைப் பார்த்தாள்.

"சோறு ஆறு உருண்டை இருக்கு. அவருக்கும் குடுங்க," என்றாள். கதவு மூடியது.

கமத்தாவும் நானும் கடுகு நிறக் காருக்குள் அமர்ந்தோம். மாறிமாறி இறங்கிச் சைலன்சரைத் தோண்டினோம். மூன்று மூன்று உருண்டைகள் உண்டோம். கார் ஏன் நழுவியது என்று நான் கேட்கவில்லை. நெம்பைப் பார்த்துவிட்டு அவராகவே சொன்னார்.

"கீழ ஊர்ல யாரும் கைபிரேக் போட மாட்டீங்க. சமதரையில அது சரிதான். ஆனா இந்த மாதிரி வண்டியில, கியர் பிடிக்கிறது முன்னங்காலை, அதாவது முன்சக்கரத்தை மட்டும்தான். மூக்கு மேலே பார்த்து நிக்கும்போது பாரமெல்லாம் பின்னங்கால்ல. அதைப் பிடிக்கிறது இந்த நெம்புதான். அந்த அம்மாவுக்கு யாரு சொன்னா?"

எவரும் சொல்லவில்லை. பிறகு நான் கேட்டபோது சயோகோ, "பக்கத்துல இருந்துச்சு, பிடிச்சுக்க வேற எதுவும் இல்ல," என்றாள்.

பிற்பகல் ஒன்றரை மணிக்குக் கமத்தாவின் கையிலிருந்த வயர்லெஸ் கருவி கரகரத்தது. அவர் காதருகே வைத்துக் கேட்டார். பிறகு, ஏனென்று தெரியவில்லை, அந்தச் சிறிய காருக்குள் முடிந்தவரை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பொண்ணு. ஒண்ணு இருபதுக்கு. அழுதுச்சாம். அம்மா நல்லா இருக்காங்க."

வெளியே பனி விழுவது நின்றிருந்தது. மலை முழுவதும் வெயில்.

மூன்று மணிக்கு எங்களை அழைத்துச் செல்ல வந்தார்கள். காரை அங்கேயே விட வேண்டியிருந்தது. பழக்கத்தால் வைப்பர்களை நிமிர்த்திவிட்டு இறங்கினேன். அன்றிரவு தொடங்கிய பனி மூன்று நாட்கள் விழுந்தது. நான்காம் நாள் ஒனோதெரா இழுவை வண்டியுடன் வந்தபோது, சமமான வெண்பரப்பில் இரண்டு வைப்பர் முனைகள் மட்டுமே தெரிந்தன. தோண்டி எடுத்தோம். சயோகோ இழுத்த கைபிரேக் அப்படியே உறைந்து சக்கரத்தோடு ஒட்டியிருந்தது. ஒனோதெரா கெண்டியை எடுத்து, முழங்காலிட்டு, தம் கையாலேயே வெந்நீர் ஊற்றினார். ஒருவரும் சிரிக்கவில்லை.

"போடாதீங்கன்னு சொன்னேன்," என்றார், சக்கரத்தைப் பார்த்தபடி. "மேட்டுல போடுங்கன்னு சொல்லாம விட்டுட்டேன்." எழுந்து, எனக்கு நெடுநேரம் தலைவணங்கினார். நானும் வணங்கினேன். எவர் முதலில் நிமிர்வது என்று இருவருக்கும் தெரியவில்லை.

எவ்வளவு நீட்டி எழுதியும், வளைந்து விழுந்த பனியின் அந்த ஒளியைச் சொல்லிவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. ஆகவே, எனக்குச் சரியாக எழுதத் தெரிந்ததை மட்டும் எழுதி நிறுத்திக்கொள்கிறேன். இழந்தவை: காரின் இடப்பக்கக் கண்ணாடி ஒன்று. பின்கண்ணாடி ஒன்று. பின்விளக்கு ஒன்று. ஷவல் ஒன்று. சுடுநீர்க் குடுவை ஒன்று. பதினான்கு கட்டங்கள் கொண்ட அட்டவணை ஒன்று. குளிரில் கருகிய என் வலக்காது மடலின் நுனியில் சிறிதளவு. பிப்ரவரி பதினொன்று, பிற்பகல் ஒன்று இருபது: மகள் பிறந்த கணம். நான் அங்கில்லை.