தொழுகையில் மீன் ஆணம்

“நான் மவுத்தாகிற அன்னிக்கு, இந்த ஊரு வியாபாரிங்க அத்தனை பேரும் உண்மை பேசுவாங்கடா. இருந்து பாரு.”

இப்படிப் பீற்றிக்கொண்ட வாயைத்தான் ரவூப் வெள்ளைத் துணியால் தாடையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். முடிச்சு நழுவிக்கொண்டே இருந்தது. அண்ணன் அப்துல் கஃபாரின் வாய் உயிரோடு இருக்கும்போதும் மூடியதில்லை. அவர் சிரித்தால் சிராங்கூன் சாலைத் தொழுவங்களில் எருமைகள் கயிற்றை அறுத்துக்கொண்டு கடல் தாண்டி ஜொகூர் வரை ஓடும்.

பேச்சோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வாரப் பத்திரிகையில் தம்மைப் பற்றியே கட்டுரை எழுதினார். ஐவேளைத் தொழுகையை விடாத மனிதர், ஸுஜூதில் நெற்றியைத் தரையில் வைத்தபடியே தூங்கிப்போனதை எழுதினார். நோன்பு மாத இரவுத் தொழுகையில் மனம் முழுக்க வீட்டு அடுப்பில் கொதித்த மீன் ஆணத்தில் கிடந்ததை, புளி எவ்வளவு என்பது வரை எழுதினார்.

“அல்லா மறைச்சு வச்சதை நீங்க ஏன் காக்கா அச்சடிச்சு விக்கிறீங்க?” என்று ரவூப் அண்ணனைக் கேட்டதுண்டு.

“அவன்கிட்ட அழுதாச்சுடா. மனுசனுக்குத்தான் தெரியல. ஒவ்வொருத்தனும் தான் ஒருத்தன்தான் இப்படின்னு ஒளிஞ்சுகிட்டுக் கெடக்கான்.”

அடக்கத்துக்கு முன் பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் லெப்பை கூட்டத்தைப் பார்த்து, ‘இவர் எப்படிப்பட்டவர்?’ என்று கேட்பார். ‘நல்லவர்’ என்பார்கள். அந்தச் சாட்சி இறந்தவரோடு கூடவே அல்லாவிடம் போகும். காக்காவுக்கு யார் சொல்வார்? ஊரே படித்துத் தொலைத்திருக்கிறதே!

குளிப்பாட்டி முடிக்கும்வரை ரவூப் வாசலுக்கும் உள்ளுக்குமாக அலைந்தான். லெப்பையைத் தனியே இழுத்தான்.

“அதை மட்டும் கேக்காம வுட்டுருங்க, லெப்பை.”

லெப்பை தாடியைத் தடவினார்.

பள்ளியில் கேட்டேவிட்டார்.

ரவூப் பாயின் ஓரத்தைப் பிய்த்தான். முன்வரிசையிலிருந்து ஜவுளிக்கடை முகம்மது யூசுப் எழுந்தார். அவர் விற்ற துணியின் சாயம், தண்ணீர் படவே வேண்டாம், வானத்தில் மேகத்தைக் கண்டாலே ஓடிவிடும்.

“தொழுகையில மீன் ஆணத்தை நெனச்சவரு,” என்றார் யூசுப்.

ரவூப் கண்ணை மூடிக்கொண்டான்.

“நான் நெனச்சது ஆட்டுக்கால். இப்படிப்பட்ட மனசை வச்சுக்கிட்டு எதுக்குத் தொழுகைன்னு பள்ளிக்கே வராம இருந்தேன். இவரு எழுதுனதைப் படிச்சுட்டுத்தான் திரும்ப வந்தேன்.”

“நான் ஸுஜூதுல குறட்டையே வுட்டிருக்கேன்,” என்றது பின்னால் ஒரு குரல்.

“எனக்குப் பக்கத்துக் கடைக்காரன் மேல பொறாமை. இவரும் தன் பொறாமையை எழுதியிருந்தாரு.”

“என் துணி சாயம் போவும்,” என்றார் யூசுப், யாரும் கேட்காமலே.

“அது ஊருக்கே தெரியும், ஒக்காருங்க!”

கிடத்தியிருந்த மய்யித்தின் முன்னால் சிரிப்பு அடங்க மறுத்தது. அடங்கியதும் லெப்பை மறுபடி கேட்டார். ‘நல்லவர்’ என்ற சத்தத்தில் துறைமுகத்துக் கப்பல்கள் நங்கூரத்தோடு ஆடியிருக்கும். ரவூபும் வாயைத் திறந்தான்.

துக்க வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. யூசுப் வீட்டிலிருந்து சட்டி வந்திருந்தது. ரவூப் மூடியைத் திறந்தான். மீன் ஆணம். மெல்ல மூடினான்.

திரைக்குள்ளிருந்து அண்ணன் மனைவி மைமூனின் குரல் வந்தது. “நல்லவருன்னு சொன்னாங்களா, தம்பி?”

“சொன்னாங்க, மதினி.”

உள்ளே வளையல் இல்லாத கை திரையைப் பிடித்திருந்தது. புளி வாசம் கூடமெங்கும் பரவியிருந்தது.

“வியாபாரிங்க உண்மை பேசுவாங்கன்னு காக்கா பீத்திக்கிட்டாங்களே, அதுவும் நடந்துச்சு மதினி.”