வைப்பின் படகில் ஏறிய கஸ்தூரி

மகேஸ்வரன் இறப்பதற்கு இரண்டு மாதம் முன்புதான் கொச்சிச் சுற்றுலாவுக்கு இரண்டு இடம் பதிவு செய்திருந்தார். மலேசியாவின் மூவாரில் ஒரு மேசை நாற்காலித் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய துறைமுகங்களைப் பற்றிய காணொளிகளை விடாமல் பார்ப்பார். மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்களை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று மனைவி கெர்ட்ரூடிடம் பலமுறை சொல்லியிருந்தார்.

மகளுக்குச் சிங்கப்பூரில் வேலை, விடுப்புக் கிடைக்கவில்லை. ஆளை மாற்றிக்கொள்ளலாம் என்று பயண முகவர் சொன்னதும் கெர்ட்ரூட் பக்கத்து ஊரான பத்து பாகாட்டுக்குப் போன் செய்தாள். அங்கே மகேஸ்வரனின் அக்கா கஸ்தூரி தனியாக இருந்தாள். தம்பி மாதா கோயிலில் திருமணம் செய்துகொண்ட நாளிலிருந்து இருபத்தாறு வருடமாக அவள் அவன் வீட்டு வாசலை மிதித்ததில்லை. அடக்கத்துக்கு வந்தவள்கூடக் கல்லறைத் தோட்டத்துக் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டுப் போய்விட்டாள்.

“அவருக்குப் போட்ட சீட்டு இருக்குக்கா. வர்றீங்களா?”

“பாஸ்போர்ட் இருக்கு. எப்போ போவணும்?” என்றாள் கஸ்தூரி.

கொச்சியில் இருவருக்கும் ஒரே அறை. “நீங்க முதல்ல குளிங்க”, “லைட்டை அணைச்சிடவா” என்பதற்கு மேல் பேச்சு வளரவில்லை. கஸ்தூரி தம்பி மனைவியைப் புதிதாகச் சந்தித்தவளைப் போல ‘நீங்க’ என்றே அழைத்தாள்.

மூன்றாம் நாள் பிரான்சிஸ் தேவாலயத்துக்குப் போனார்கள். வாஸ்கோ ட காமாவை முதலில் புதைத்த இடம் இதுதான், பிறகு எலும்புகளைப் போர்ச்சுகலுக்கு எடுத்துப் போய்விட்டார்கள் என்றார் வழிகாட்டி. எல்லோரும் கம்பிக்குள் இருந்த கல்லைப் படம் பிடித்தார்கள். கஸ்தூரி மேலே தொங்கிய துணி விசிறிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் காலத்தில் ஆட்கள் வெளியே நின்று கயிறு இழுத்து அவற்றை ஆட்டினார்களாம்.

“இழுத்தவங்க உள்ளே வந்து உட்கார்ந்திருக்காங்களா?” என்று கேட்டாள். வழிகாட்டிக்குத் தெரியவில்லை.

அடுத்து சீன வலைகள். கரையில் அரை மணி நேரம் விட்டார்கள். மூங்கில் கழிகள் வளைய, கல் கட்டிய கயிறுகளை ஐந்தாறு பேர் இழுத்து வலையைத் தூக்குவதைப் பார்த்துவிட்டுக் கெர்ட்ரூட் திரும்பியபோது கஸ்தூரியைக் காணவில்லை. போன் செய்தும் எடுக்கவில்லை. வழிகாட்டி படகுத்துறைவரை தேடிவிட்டு வந்து உதட்டைப் பிதுக்கினார்.

“அரண்மனையைச் சீக்கிரம் மூடிருவாங்க. நான் போலீஸ்ல சொல்லி வச்சிருக்கேன். நீங்க எங்களோட வாங்க மேடம்.”

“நீங்க போங்க. நான் இங்கேயே இருக்கேன்.”

“அங்கிள் ஆசைப்பட்ட இடம்லா அது,” என்றாள் சுற்றுலாவில் கூட வந்த தேன்மொழி. “நான் வேணும்னா நிக்கிறேன், நீங்க போயிட்டு வாங்க அன்ட்டி.”

“அவங்க வர்றப்போ நான் இல்லைன்னா பயந்துடுவாங்க,” என்றாள் கெர்ட்ரூட்.

வேன் போய்விட்டது. அவள் படகுத்துறைச் சுவரில் உட்கார்ந்தாள். படகுகள் வந்தன, போயின. ஒவ்வொன்றிலிருந்தும் இறங்கும் முகங்களைப் பார்த்தாள். ஒன்றரை மணி நேரம் கழித்து ஒரு மலையாளப் பெண்ணின் கையைப் பிடித்தபடி கஸ்தூரி இறங்கினாள். தலையில் சுற்றுலா நிறுவனத்தார் எல்லோருக்கும் கொடுத்த மஞ்சள் தொப்பி அப்படியே இருந்தது.

“மஞ்சத் தொப்பியைப் பார்த்து நம்ம ஆளுங்கன்னு பின்னாலயே ஏறிட்டேன். அக்கரையில இறங்கித்தான் பார்க்கிறேன், எல்லாம் இந்தி பேசுறாங்க. வைப்பின்னு ஏதோ ஊராம்.” மூச்சு வாங்கினாள். “இந்தம்மா, கூட யாரு வந்திருக்காங்கன்னு கேட்டுச்சு. என் தம்பி பொண்டாட்டின்னேன்.”

அந்தப் பெண் இருவரையும் பார்த்துத் தலையசைத்துவிட்டு அடுத்த படகுக்கு ஓடினாள்.

“மத்தவங்க எங்க?”

“அரண்மனைக்குப் போயிட்டாங்க. இந்நேரம் மூடியிருப்பாங்க.”

“அவன் பார்க்கணும்னு சொன்ன இடமாச்சே. நீ போயிருக்கலாம்ல.”

கெர்ட்ரூட் அந்த ‘நீ’யைக் கவனித்தாள். தண்ணீர்ப் புட்டியைத் திறந்து கொடுத்தாள். கஸ்தூரி பாதி குடித்துவிட்டுச் சொன்னாள்: “அடக்கத்தன்னைக்கு நான் உள்ளே வந்திருக்கணும்.”

“உங்களுக்குன்னு முன்வரிசையில ஒரு நாற்காலி போட்டு வச்சிருந்தோம்க்கா.”

கஸ்தூரி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். கெர்ட்ரூட் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் காலையில் விமானம். அரண்மனையைப் பார்க்காமலே திரும்பினார்கள்.

விமான நிலையத்திலிருந்து வந்த வேன் முதலில் மூவாரில் நின்றது. கெர்ட்ரூட் இறங்கி வீட்டுக் கதவைத் திறந்தாள். கழிவறைக்குப் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டு கஸ்தூரியும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். வெளியே வந்தவள் கூடத்தில் தம்பியின் படத்துக்கு முன்னால் நின்றாள். ஓட்டுநர் இரண்டு முறை ஹாரன் அடித்தார்.

கஸ்தூரி வாசலுக்குப் போய், “என் பேக்கையும் இறக்கிடுங்க. நான் நாளைக்கு பஸ்ல போயிக்கிறேன்,” என்றாள்.