சுத்தியலைக் கீழே வைத்த பத்து நிமிடம்

மணியம்மாள் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டாள். திறந்த குழாய் என்றால் தட்டியதும் சத்தம் வெளியே ஓடிவிடும். மூடின குழாய் அப்படி இல்லை. சத்தத்தை வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டு மொத்தென்று ஒரு பதில் சொல்லும். பதினோரு வருடமாக அந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு, வீட்டில் புது சிலிண்டர் வந்தால்கூட ஒரு தட்டுத் தட்டிப் பார்க்காமல் அவளால் அடுப்பு பற்றவைக்க முடியாது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் ஒரு கோடியில், பழைய இரும்பை உருக்கிக் கட்டியாக வார்க்கிற ஆலை அது. லாரியில் வந்து கொட்டுகிற குவியலில் மூடிக் கிடப்பது எதுவானாலும் பொறுக்கித் தனியே போடுவதுதான் அவளுடைய வேலை. ஸ்ப்ரே டப்பா, பைக்கின் ஷாக் அப்சர்பர், இரண்டு முனையும் நசுங்கி அடைத்துக்கொண்ட குழாய். கேஸ் கட்டர்காரர் வந்து ஓட்டை போட்ட பிறகுதான் அவை உலைக்குப் போகலாம். ஓட்டை இல்லாமல் ஒன்றே ஒன்று போனாலும், உள்ளே அடைபட்ட எண்ணெயும் காற்றும் சூட்டில் வெடித்து, உருகின இரும்பை மேலே தூக்கி அடிக்கும். மேடையில் உலை வாயண்டை நிற்கிறவர்கள் மேல்தான் அது விழும்.

அந்த மேடையில் நிற்கிற நாலு பேரில் ஒருவன் அவளுடைய மருமகன் அன்புராஜ்.

யார்டில் ஒருவர் சொல்வது ஒருவருக்குக் கேட்காது. கிரேன் ஓட்டும் அரசப்பன் முப்பது அடி உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் இருப்பார். அதனால் அவருக்கும் மணியம்மாளுக்கும் நடுவில் ஒரு வழக்கம் ஏற்பட்டிருந்தது. சுத்தியல் அவள் கையில் இருக்கிறவரை குவியல் இன்னும் முடியவில்லை. சுத்தியலைக் கவிழ்த்த டிரம்மின் மேல் வைத்துவிட்டு, பக்கத்துக் கல்லில் அவள் உட்கார்ந்தால் குவியல் சுத்தம், எடுத்துக்கொள்ளலாம். அரசப்பன் மேக்னெட்டை இறக்கி, இரண்டு மூன்று தடவையில் மொத்தத்தையும் அள்ளி மேடைக்குக் கொண்டுபோவார். இதை யாரும் எழுதி வைக்கவில்லை, சூப்பர்வைசருக்கும் தெரியாது. பதினோரு வருடத்தில் ஒருநாளும் தவறினதில்லை.

ஆலை வாசலில் ஆறு மாதமாக ஒரு பேனர் இருந்தது. வெள்ளை உடையில் குருஜி கண்ணை மூடிச் சிரித்தபடி இருப்பார். அவர் காலடியில், படத்துக்குப் படம் நாற்பது பேரைப் புரட்டி எடுக்கிற அந்த நடிகர், கைகட்டி உட்கார்ந்து அவரும் கண்ணை மூடியிருப்பார். 'எனக்குக் கிடைத்த அமைதி உங்களுக்கும்' என்று எழுதியிருந்தது. மேனேஜ்மென்ட்டே ஏற்பாடு செய்த வகுப்பு. தினமும் காலை பத்து மணிக்கு பெல் அடித்ததும் ஸ்பீக்கரில் குருஜியின் குரல் வரும், உலை மேடையில் இருக்கிறவர்கள் பத்து நிமிடம் கண்ணை மூடி உட்காரவேண்டும். உலையைக் கவனிக்க ஒரு ஆள், கிரேனுக்கு அரசப்பன், இவர்களுக்கு மட்டும் விலக்கு. "பர்னஸ் ஆறிப் போச்சுன்னா குருஜியா வந்து ஊதுவாரு?" என்று கேட்டு அந்த விலக்கை வாங்கிக்கொண்டவர் பாக்கியநாதன், மேடையிலேயே மூத்த ஆள்.

மணியம்மாளோடு இரும்பு பொறுக்குகிற ஆரோக்கியமேரிக்கு அந்த பேனரைப் பார்த்தாலே வாய் சும்மா இருக்காது. "அவுருக்கு அமைதி வராம இன்னாக்கா பண்ணும்? ஏசி வண்டி, கொட புடிக்க ஒரு ஆளு, செருப்பு எடுத்து வெக்க ஒரு ஆளு. இந்த யார்டுல ஒரு ஷிப்ட் ஒக்கார வையி, குருஜியயே கெட்ட வார்த்தையில திட்டிட்டு ஓடிடுவாரு."

மணியம்மாள் சிரிக்கமாட்டாள். அவளுக்கு அதில் சிரிக்க முடியாத ஒரு கணக்கு இருந்தது. அன்புராஜின் குடியை நிறுத்த அவள் போகாத இடம் இல்லை. கோயிலில் கயிறு கட்டினாள், ஊத்துக்கோட்டைப் பக்கம் மருந்து கொடுக்கிறவரிடம் கூட்டிப்போனாள், ஆஸ்பத்திரியில் பதினைந்து நாள் வைத்துப் பார்த்தாள். எதிலும் நிற்கவில்லை. கடைசியில் அது நின்றது, போனில் பார்த்த வீடியோவில் அந்த நடிகர் வந்து "நானும் உன்ன மாதிரிதான் இருந்தேன் தம்பி" என்று சொன்னதில்தான். ஆறு மாதம் ஆகிறது, ஒரு சொட்டு இல்லை. அவர் நிஜமாகவே குடித்தாரா, நிஜமாகவே விட்டாரா, அதைச் சொல்வதற்கு என்ன வாங்கினார் என்பதெல்லாம் ஆரோக்கியமேரிக்கு வேண்டிய விசாரணை. மணியம்மாளுக்கு மகள் முகத்தில் காயம் இல்லாமல் ஆறு மாதம் போனதுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

ஆனாலும் பாக்கியநாதன் ஒரு நாள் கேன்டீனில் அவளிடம் சொன்னது மனசை விட்டுப் போகவே இல்லை. "உன் மருமவன பாத்துக்கமா. முன்னெல்லாம் ஒரு துண்டு இரும்பு தள்ளிட்டு பத்தடி பின்னால குதிப்பான். இப்ப மூஞ்சி கண்ணாடிய தூக்கி வுட்டுக்குனு வாயண்டயே நிக்கிறான். கேட்டா சிரிக்கிறான்."

அதைக் கேட்கத்தான் போன ஞாயிற்றுக்கிழமை புதுகும்மிடிப்பூண்டியில் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். அன்புராஜ் கறிக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தான். முன்பு டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தாலும் சட்டையில் ஊற்றிக்கொள்கிறவன். இப்போது வெங்காயம் காகிதம்போல் மெல்லிசாக விழுந்துகொண்டிருந்தது. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே மெதுவாக ஆரம்பித்தாள்.

"மாப்ளே, மேடையில கொஞ்சம் தள்ளி நில்லுங்க. மூஞ்சி கண்ணாடி போட்டுக்கினு..."

"அத்தே, குருஜி சொல்றாரு. பயம்ன்றது வாடகைக்கு வந்தவன். காலி பண்ணுன்னு கண்டிசனா சொன்னா போய்டுவான். நான் சொல்ட்டேன், அவன் போய்ட்டான்."

"எனக்கு அது வாடகைக்கு வர்ல மாப்ளே. அதுக்கு சொந்த ஊடு இது. நான்தான் அதும் ஊட்ல கீறேன்." சொல்லிவிட்டு, இதை எப்படிப் புரியவைப்பது என்று தேடினாள். "அது போய்ட்டா எனக்கு காது கேக்காது."

அன்புராஜ் சிரித்தான். கேலி இல்லை, அன்பான சிரிப்புதான். அதுதான் அவளுக்கு இன்னும் கலக்கமாக இருந்தது. குடித்த காலத்தில் அவன் சிரிப்பில் ஒரு ஆள் இருந்தான். இப்போது அதற்குள் யாரும் இல்லை.

மகள் இளமதி அடுப்பிலிருந்து திரும்பினாள். "யம்மா, நீ இன்னா சொல்ல வர்றேன்னு எனக்குத் தெரியும். அந்த மேரி சொல்லிக் குடுத்தத இங்க வந்து பேசாத. எங்கூட்டுக்காரரு கைய பாரு. பாத்தியா? நடுங்குதா? குருஜி நல்லவரோ கெட்டவரோ, அந்த ஆக்டரு டப்பு வாங்கினாரோ வாங்கலியோ, எனக்கு இன்னா? நீ ஒரு வார்த்த சொல்லி, இவுரு மனசு கொயம்பி, திரும்ப கடைக்குப் போனாருன்னு வையி, புள்ளய தூக்கிக்குனு உன் ஊட்டு வாசல்லதான் வந்து நிப்பேன்." பிறகு குரலை இறக்கி, "நீயும் ஒரு தரம் ஒக்காந்துதான் பாரேம்மா. எப்பப் பாரு பேய் அடிச்சாப்ல கீற. ராத்திரி தூங்கி எத்தினி வருசம் ஆவுது?" என்றாள்.

மணியம்மாள் கறிக்குழம்பு நன்றாக இருந்தது என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

இன்றைக்குக் காலையில் சூப்பர்வைசர் யார்டுக்கு வந்தார். வெள்ளிக்கிழமை குருஜியின் ஆட்கள் வீடியோ எடுக்க வருகிறார்களாம், அந்த நடிகரே வந்தாலும் வரலாமாம். அதனால் இன்றிலிருந்து பெண்களும் உட்கார்ந்து பழகவேண்டும். "கண்ண மூடி பத்து நிமிஷம், அவ்ளோதான். யாரும் பேசக்கூடாது, போன் கூடாது, நடுவுல எழுந்திருக்கக் கூடாது." ஆரோக்கியமேரி பாத்ரூம் போகவேண்டும் என்று சொல்லிக்கொண்டு நழுவினாள். மணியம்மாளுக்கு மகள் சொன்னது ஞாபகம் வந்தது.

பெல் அடித்தபோது அவள் குவியலைப் பாதிதான் பார்த்திருந்தாள். ஒரு பழைய சைக்கிள் பிரேமின் அடியில் இரண்டு ஷாக் அப்சர்பர் சிக்கிக்கிடந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டாள். இழுத்தும் வரவில்லை. பத்து நிமிடம் முடிந்ததும் கம்பி போட்டு நெம்பலாம் என்று நினைத்துக்கொண்டாள். சூப்பர்வைசர் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கைப்பழக்கத்தில் சுத்தியலை டிரம்மின் மேல் வைத்துவிட்டுக் கல்லில் உட்கார்ந்தாள். குவியல் அவளுக்கும் வெயிலுக்கும் நடுவில் இருந்தது. அதன் நிழலில் கண்ணை மூடினாள்.

"சத்தம் வரும். போகும்," என்றது ஸ்பீக்கர். "எந்தச் சத்தத்தின் பின்னாலும் ஓடாதே. அது உன்னுடையது இல்லை."

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. சைக்கிள் பிரேம்தான் கண்ணுக்குள் நின்றது. பிறகு பேத்தியின் இருமல், வீட்டு ஓட்டில் விழுந்த விரிசல், அன்புராஜின் தூக்கிவிட்ட முகக் கண்ணாடி, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போயின. குரல் நல்ல குரல். அவசரமே இல்லாத குரல். அவளிடம் யாரும் அப்படி அவசரம் இல்லாமல் பேசினதில்லை. எப்போது என்று தெரியாமல் தோள்பட்டை இரண்டும் கீழே இறங்கின. இத்தனை வருடம் அவற்றைத் தூக்கிப் பிடித்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. காது தானாக மூடிக்கொண்டது. மகள் சொன்னது நிஜம்தான் என்று நினைத்தாள். தலைக்கு மேலே கிரேன் நகரும் சத்தம் வந்தது. போகட்டும் என்று விட்டாள். இரும்போடு இரும்பு உரசும் சத்தம் வந்தது. அதையும் விட்டாள். மறுபடியும் வந்தது. மறுபடியும் விட்டாள். இவ்வளவு லேசாக அவள் கல்யாணத்துக்கு முன்னால்கூட இருந்ததில்லை.

பிறகு மூடிய கண்ணுக்குள் சிவப்பாக வெளிச்சம் அடித்தது. முகம் சுட்டது.

வெயில் எப்படி வந்தது என்று ஒரு நொடி யோசித்தாள். அடுத்த நொடி கண்ணைத் திறந்தாள். எதிரே வெறும் தரை. எண்ணெய்க் கறையும் துருப்பொடியும்தான் கிடந்தன. மேலே பார்த்தாள். அரசப்பன் கூண்டுக்குள்ளிருந்து வழக்கம்போலக் கையை உயர்த்திக் காட்டினார். டிரம்மின் மேல் சுத்தியல் அப்படியே இருந்தது.

அவள் ஓடினாள். முட்டி வலிக்கிறவள், மேடைக்கு ஏறும் இரும்புப் படியை எப்படி ஏறினாள் என்று அவளுக்குத் தெரியாது. மேலே மூன்று பேர் தகரத்தின் மேல் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். பாக்கியநாதன் மட்டும் நீளக் கம்பியால் குவியலைக் கொஞ்சம் கொஞ்சமாக உலைக்குள் தள்ளிக்கொண்டிருந்தார். அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அண்ணே, நிறுத்து! அந்தக் குமி பாக்கல நானு. ஷாக் அப்சர்பர் கீது அதுல. ரெண்டு!"

"பாக்கலியா? நீ சுத்தியல வெச்சாதான அரசப்பன் அள்ளுவாரு?"

"ஒக்காரச் சொன்னாங்க, ஒக்காந்தேன்..."

பாக்கியநாதனின் முகம் மாறியது. "பாதிய தள்ட்டனேம்மா." கம்பியைப் போட்டுவிட்டுச் சிவப்புப் பொத்தானை ஓங்கி அடித்தார். உலையின் ரீங்காரம் அடங்கியது. கரண்டு நின்றாலும் உள்ளே இருக்கிற குழம்பு உடனே ஆறிவிடாது என்பது எல்லோருக்கும் தெரியும். "எறங்கு, எறங்கு, எல்லாம் எறங்கு!"

உட்கார்ந்திருந்த ஒடிசாக்காரர்கள் இருவரும் சட்டென்று எழுந்து படியில் பாய்ந்தார்கள். குருஜியின் தமிழ் அவர்களுக்கு ஒரு வார்த்தையும் புரிந்ததில்லை, தினமும் அரைக்கண்ணில்தான் உட்காருவார்கள். அன்புராஜ் அசையவில்லை. உலை வாய்க்கு ஆறடியில், முதுகு நேராக, உள்ளங்கை மேல் நோக்கி உட்கார்ந்திருந்தான்.

"மாப்ளே! ஏந்திருங்க மாப்ளே!"

அவன் புருவம்கூட அசையவில்லை. உதட்டின் ஓரத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் கொஞ்சம் விரிந்தது. எந்தச் சத்தத்தின் பின்னாலும் ஓடாதே. தான் விட்டது போலவே அவனும் விட்டுக்கொண்டிருக்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. அவளுடைய கத்தல் இப்போது அவனுக்கு வந்துபோகிற சத்தங்களில் ஒன்று. பன்னிரண்டு வருடமாக அவனை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கைபடத் தண்ணீர் கொடுத்ததில்லை. குடித்துவிட்டு வாசலில் விழுந்து கிடந்தபோதும் 'வாங்க' என்றுதான் சொன்னாள்.

"டேய் அன்புராஜு! ஏந்திர்றா நாயே!"

கண் திறந்தது. அவன் ஏதும் கேட்பதற்கு முன் அவன் கையைப் பிடித்து இழுத்தாள். படியில் பாதி உருண்டு, பாதி ஓடி, கீழே கான்கிரீட் சுவருக்குப் பின்னால் எல்லோரும் போய் உட்கார்ந்தார்கள். பாக்கியநாதன் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். சூப்பர்வைசர் ஓடிவந்து, எதுவும் கேட்காமல், தானும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

ஒன்றும் நடக்கவில்லை. அந்த இரண்டும் தள்ளாமல் மேடையில் மிஞ்சின பாதியில் இருக்கலாம். தள்ளின பாதியின் உச்சியில், குழம்பில் முங்காமல், மெல்ல மெல்லச் சூடேறிக்கொண்டும் இருக்கலாம். எவ்வளவு நேரம் காத்திருக்கவேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை. மேலே போய்ப் பார்க்கிறேன் என்று யாரும் சொல்லவும் இல்லை.

"அத்தே," என்றான் அன்புராஜ். "நீங்களும் ஒக்காந்தீங்களா?"

"ம்."

"வந்துச்சா, அது?"

பொய் சொல்லலாம் என்று நினைத்தாள். "வந்துச்சு மாப்ளே," என்றாள். "நல்லாத்தான் இருந்துச்சு."

தன் கை இன்னும் அவன் கையைப் பிடித்திருப்பதை அப்போதுதான் அவள் கவனித்தாள். அந்தக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. முதலில் விரல்கள், பிறகு மணிக்கட்டு, பழைய நாட்களில் டீ டம்ளரைப் பிடித்தபோது நடுங்கின அதே நடுக்கம். இறுக்கிப் பிடித்து அதை நிறுத்துவதா, நடுங்கட்டும் என்று விட்டுவிடுவதா என்று தெரியாமல் அப்படியே வைத்திருந்தாள். ஆளில்லாத மேடையில் ஸ்பீக்கர் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. "மூச்சை உள்ளே இழு... அப்படியே நிறுத்து... இப்போது மெதுவாக விடு." சுவருக்குப் பின்னால் யாரும் விடவில்லை.