ஏழு அங்குலத் திரை

மீன் காட்டும் கருவி ஒன்று வாங்கிவிடலாம் என்ற பேச்சை எடுத்ததே அத்தான்தான். லிஃப்ட் மெக்கானிக்கால் அதை நம்ப முடியவில்லை. படகுத்துறையில் யாராவது அந்தக் கருவியை மாட்டிக்கொண்டு வந்தால், டிவி பார்க்க வீட்டில் இடமில்லையா என்று உரக்கக் கேட்டுச் சிரிக்கிறவர் அவர். தண்ணீரில் ஒரு சின்னச் சுருக்கம் விழுந்தால் போதும், ஒரு பறவை சட்டென்று தாழ்ந்து பறந்தால் போதும், "அங்க போடு மாப்ளே" என்பார். தூண்டிலைப் போட்டால் அங்கே மீன் இருக்கும்.

அவர் மெக்கானிக்கின் அக்கா கணவர். சிறுநீரகம் பழுதானவர்களை வீடு வீடாகப் போய் ஏற்றி, டயாலிசிஸுக்கு ஆஸ்பத்திரியில் இறக்கி, மாலையில் திரும்பக் கொண்டுவிடும் வேனின் டிரைவர். பத்தொன்பது வருடமாக அதே வேலை, அதே தெருக்கள். மெக்கானிக் தனிக்கட்டை. அக்கா வீட்டுச் சாப்பாடும் அத்தானோடு ஞாயிற்றுக்கிழமை மீன்பிடிப்பும்தான் அவனுக்கு இருந்த குடும்பம். இருவரும் பாதிப் பாதி போட்டு வாங்கிய பழைய ஃபைபர் படகு ஊருக்கு வெளியே நீர்த்தேக்கத்தில் கிடந்தது. அகலமும் குட்டையுமாக இருந்ததால் துறையில் அதைக் குளியல் தொட்டி என்றுதான் சொல்வார்கள்.

ஒரு வருடமாகக் குளியல் தொட்டி வெறும் வாளியோடுதான் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. மீனெல்லாம் இடம் மாறிவிட்டது, இனிமேல் கண்ணை நம்பிப் பிரயோஜனமில்லை என்று அத்தான் சொன்னார். மெக்கானிக்கும் அதை அப்படியே எடுத்துக்கொண்டான்.

கடை, லாரிகள் நிற்கும் ஒரு தெருவின் கடைசியில் இருந்தது. கயிறு, நங்கூரம், லைஃப் ஜாக்கெட், மோட்டார் உதிரி பாகங்கள் என்று கூரைவரை அடுக்கியிருந்தார்கள். ரப்பர் வாடை தொண்டையைப் பிடித்தது. ஒரு சுவர் முழுக்கக் கருவிகள் ஓடிக்கொண்டிருந்தன. திரையின் அடியில் தரை தடித்த மஞ்சள் பட்டையாக நகர்ந்தது. அதற்கு மேலே மீன்கள் சின்னச் சின்ன வில்லாக வளைந்து போயின. மூலையில் ஆழம் எண்ணாகத் தெரிந்தது.

கடைக்காரம்மா விஷயம் தெரிந்தவர். எவ்வளவு ஆழமான தண்ணீர், படகு எத்தனை அடி, ஓடிக்கொண்டே பிடிப்பீர்களா நிறுத்திப் பிடிப்பீர்களா என்றெல்லாம் கேட்டுவிட்டு, இருபது மீட்டர் ஆழத்துக்கு ஐந்து அங்குலத் திரை தாராளம் என்றார். படகின் பின்பக்கம் தண்ணீருக்குள் மாட்டும் குமிழ்தான் முக்கியம், அது ஒலியை அனுப்பித் திரும்ப வாங்குவதில்தான் எல்லாம் இருக்கிறது, திரையைப் பெரிதாக்கினால் மீன் அதிகமாகிவிடாது என்று சிரித்தார். மெக்கானிக்குக்கு அது சரியாகப் பட்டது. இயந்திரம் தெரிந்தவர் பேச்சு இயந்திரம் தெரிந்தவனுக்குப் புரியும்.

அத்தான் அந்த ஐந்து அங்குலத்தின் பக்கமே போகவில்லை. சுவரில் இருப்பதிலேயே பெரியது எது என்று கேட்டார். ஒன்பது அங்குலம். அதன் முன்னால் போய் நின்று, காக்கை பார்ப்பதுபோல் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். அது இந்தப் படகுக்குத் தாங்காது என்று கடைக்காரம்மாவும் மெக்கானிக்கும் சேர்ந்து சொன்னதும் ஏழு அங்குலத்துக்கு இறங்கிவந்தார். வெளிச்சத்தைக் கூட்டச் சொன்னார். எழுத்தைப் பெரிதாக்க முடியுமா என்றார். கடைக்காரம்மா முடிந்தவரை பெரிதாக்கிவிட்டு, இப்போது ஆழம் எவ்வளவு காட்டுகிறது, படிக்க முடிகிறதா சார் என்று கேட்டார். எனக்கென்ன பரீட்சையா வைக்கிறீர்கள் என்று சொல்லி அத்தான் நகர்ந்துவிட்டார். கடைக்காரம்மா ஒரு கணம் மெக்கானிக்கின் முகத்தைப் பார்த்தார். அவன் அதைக் கண்டும் காணாமல் விட்டான். பின்னால் பல நாள் அந்தப் பார்வை அவனைத் துளைத்தது.

ஏழு அங்குலத்தையே வாங்கினார்கள். மெக்கானிக் அரை நாள் உட்கார்ந்து மாட்டினான். குமிழைப் பின்பலகையில் பொருத்தி, ஒயரை ஓரமாக இழுத்து, பேட்டரிக்குத் தனிப் பெட்டி செய்தான். ஆழம் குறைந்தால் கீச்சென்று கத்தும் ஒரு வசதி அதில் இருந்தது. மீன் மிரளும் என்று சொல்லி அத்தான் அதை அணைக்கச் சொன்னார். அவனும் அணைத்தான்.

அடுத்த ஞாயிறு காலை வெயில் ஏறாத நேரத்தில் கிளம்பினார்கள். நீர்மட்டம் இறங்கியிருந்தது. தேக்கம் கட்டும்போது மூழ்கிப்போன மரங்களின் மொட்டைகள் அங்கங்கே தண்ணீருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அத்தான் பின்னால் மோட்டார் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த திரையை ஒருக்களித்துப் பார்த்தபடி ஓட்டினார். மெக்கானிக் முன்னால் நின்று நங்கூரக் கயிற்றின் சிக்கலை எடுத்துக்கொண்டிருந்தான். இங்கே எவ்வளவு இருக்கிறது என்று திரும்பாமலே கேட்டான். பன்னிரண்டு மீட்டர், நல்ல ஆழம் என்று அத்தான் சொல்லிவிட்டு வேகத்தைக் கூட்டினார்.

அடியில் எதுவோ இடித்தது. படகு ஒருபக்கமாகத் தூக்கிப் போட்டது. மெக்கானிக் முகம் குப்புற விளிம்பில் விழுந்தான். தாடை கிழிந்து ரத்தம் சட்டையில் ஒழுகியது. இடது மணிக்கட்டு பலகைக்கும் உடம்புக்கும் நடுவில் மடங்கிப்போனது. மோட்டார் வீரிட்டு நின்றது. அவன் தட்டுத்தடுமாறி எழுந்து பின்னால் வந்து திரையைப் பார்த்தான். பெரிய எழுத்தில் 1.2 என்று இருந்தது.

அவன் திரையைத் தன் உடம்பால் மறைத்துக்கொண்டு, வலது கையை அத்தானுக்கு எதிரே நீட்டினான்.

"அத்தான், இது எத்தனை விரல்?"

அத்தான் கையைப் பார்க்கவில்லை. கைக்குப் பக்கத்தில் எங்கோ பார்த்தார். அப்புறம் அதையும் விட்டுவிட்டுத் தண்ணீரைப் பார்த்தார்.

"நடுவுல ஒரு கறை மாப்ளே. ரெண்டு கண்ணுலயும். ஓரமெல்லாம் நல்லாத் தெரியுது. எதைப் பார்க்கணும்னு பார்க்கறனோ அது மட்டும் இருக்காது."

டாக்டரிடம் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறதாம். விழித்திரையின் நடுப்பகுதி தேய்கிறது, போனது போனதுதான், வண்டி ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வீட்டுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக்கும் தெரியாது. அக்காவிடம் மட்டும் மூச்சு விடாதே என்று அத்தான் கேட்டுக்கொண்டார். பாதை மனப்பாடம், வண்டி தானாகப் போகும், இன்னும் இரண்டே வருடம் தள்ளினால் ஓய்வு வந்துவிடும் என்றார். மெக்கானிக் ஒற்றைக் கையால் துடுப்பை வலித்தான். அன்று கரை வெகு தூரம் இருந்தது.

மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டு அவன் திங்கட்கிழமை வேலைக்கு லீவு சொன்னான். லிஃப்டின் கயிற்றில் ஒரு இழை பிரிந்திருந்தாலும் மின்சாரத்தை அணைத்து, 'பயன்படுத்தாதீர்' பலகையை மாட்டிவிட்டுத்தான் அவன் மறுவேலை பார்ப்பான். ஆறாம் மாடிக்காரர் வந்து கெஞ்சினாலும் மசியமாட்டான். அத்தான் விஷயத்தில் அந்தப் பலகையை எங்கே மாட்டுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஒருவேளை அவர் சொல்வதுபோல் ஓரப்பார்வையே போதுமோ என்னவோ என்று தன்னையே சமாதானப்படுத்திப் பார்த்தான்.

செவ்வாய்க்கிழமை காலை ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றான். வேன் வந்தது. அலுங்காமல் வளைந்து, எப்போதும் நிற்கும் இடத்தில் கன கச்சிதமாக நின்றது. அவனுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. பன்னிரண்டு பேர் ஒவ்வொருவராக இறங்கினார்கள். முன் சீட்டிலிருந்து இறங்கியவர் ஒரு ஓய்வுபெற்ற டெய்லர். மேல்மூச்சு வாங்க, சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்தார். மெக்கானிக் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, டிரைவர் எப்படி ஓட்டுகிறார் என்று பட்டும் படாமலும் விசாரித்தான்.

தங்கமான மனுஷன் என்றார் டெய்லர். ஆனால் பேச்சுத்துணை இல்லாமல் ஓட்டமாட்டாராம்.

"முன் சீட்டுல உட்கார்ந்தா சிக்னல் சொல்லணும், அது ஒரு விளையாட்டு. சிவப்பா பச்சையான்னு கேட்பார். நாங்க முறை வச்சு உட்காருவோம். போன வாரம் நான் கொஞ்சம் தூங்கிட்டேன்... அவர் நிக்காமப் போயிட்டார். நல்லவேளை, எதிர்ல யாரும் வரல."

மெக்கானிக்கால் அதற்குமேல் உட்கார முடியவில்லை. அத்தானைத் தேடிப் போய் வேனுக்குப் பின்னால் நிறுத்தி, சாவியை இன்றைக்கே நீங்களாகக் கொடுத்துவிடுங்கள் என்றான். மாதக் கடைசிவரை பொறு என்றார் அவர். அவன் முடியாது என்றான். அவர் குரலைத் தாழ்த்தி, நீ என் மாப்பிள்ளையா இல்லை போலீசா என்று கேட்டுவிட்டு ஏறி உட்கார்ந்து கதவை அடித்துச் சாத்தினார். அவன் நேராக அக்கா வீட்டுக்குப் போனான்.

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவன் படகில் தொடங்கி டெய்லர்வரை ஒன்றுவிடாமல் சொன்னான். அவள் அழுவாள், அல்லது அவன்மேல் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் மடித்த சட்டையை மறுபடி பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"ஒரு வருஷமா அவர் என் மூஞ்சியைப் பார்த்துப் பேசல தம்பி. பேசறப்போ பக்கத்துச் சுவரைப் பார்ப்பார். என்னைப் பிடிக்காமப் போச்சுன்னு நினைச்சேன். வேற யாரோன்னுகூட நினைச்சேன். சட்டைப் பையெல்லாம் தேடினேன்."

அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து ஆஸ்பத்திரியின் வாகனப் பிரிவுக்குத் தானே போன் செய்தாள். குரல் நடுங்கவில்லை. மாலை டிரிப்பை அவர் ஓட்டக்கூடாது என்று மட்டும் இரண்டு தடவை சொன்னாள்.

அன்று நோயாளிகளை வேறு டிரைவர் கொண்டுவிட்டார். அத்தான் நடந்தே வீட்டுக்கு வந்தார். அதிகாரிகள் பத்தொன்பது வருட மரியாதைக்காக வழக்கு எதுவும் போடவில்லை. வேலையை விடும் கடிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். எந்த இடத்தில் கையெழுத்துப் போடுவது என்று ஒரு கிளார்க் அவர் விரலைப் பிடித்துக் காட்ட வேண்டியிருந்ததாம். அதை அக்காதான் பின்னால் சொன்னாள்.

மணிக்கட்டு ஆற ஒன்றரை மாதம் பிடித்தது. கட்டு அவிழ்த்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் தனியாகப் படகை எடுத்தான். மோட்டார் விசிறியை மாற்றியிருந்தான். நீர்த்தேக்கத்தின் நடுவுக்குப் போகும் முன்பே, அவர்கள் ஒரு வருடமாக வெறும் கையோடு திரும்பிய அதே திருப்பத்தில், திரை நிறைய மீன்கள் வில் வில்லாக வளைந்து வந்தன. ஒன்றன்மேல் ஒன்றாக, கூட்டம் கூட்டமாக. தலையைத் தூக்கிப் பார்த்தான். கொஞ்ச தூரத்தில் ஒரு பறவை தாழ்ந்து தண்ணீரைத் தொட்டுப் போனது. தண்ணீரின் மேல் சுருக்கம் விழுந்திருந்தது. கருவி இல்லாமலே தெரிந்தது. மீன் எங்கேயும் போயிருக்கவில்லை. அத்தானுக்கு மட்டும்தான் தெரியாமல் போயிருந்தது. எதிரிலேயே உட்கார்ந்திருந்த இவன் ஒரு தடவையாவது தலையைத் தூக்கிப் பார்த்திருக்கலாம். அவர் சொல்லுமிடத்தில் போட்டே பழகிவிட்டான்.

தூண்டிலை எடுக்காமல் திரும்பினான்.

துறையிலிருந்து அப்படியே அக்கா வீட்டுக்குப் போனான். அத்தான் கூடத்தில் நாற்காலியில் இருந்தார். காலடிச் சத்தத்தை வைத்தே ஆளைத் தெரிந்துகொண்டார். எழுந்தார், சுவரைத் தொட்டுக்கொண்டு உள்ளறைக்குப் போனார். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. நான்காவது தடவையாக இப்படி நடக்கிறது.

அக்கா டீ கொண்டுவந்து வைத்தாள். பகலெல்லாம் அப்படியே உட்கார்ந்திருக்கிறார், காலையில் வேன் கிளம்பும் நேரத்துக்கு மட்டும் ஷூவை மாட்டிக்கொள்கிறார் என்று தணிந்த குரலில் சொன்னாள். உன்மேல் தப்பில்லை என்றும் சொன்னாள். கொஞ்ச நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வராதேடா என்றாள்.

அவன் சரி என்றான். டீயைக் குடித்து முடித்து, டம்ளரைத் தானே கழுவி வைத்தான். மூடிய கதவுக்கு முன்னால் போய் நின்று, போய்ட்டு வரேன் அத்தான் என்றான். உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. பதில் வரும் என்று சிறிது நேரம் நின்றுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினான்.