தட்டிக்கேட்க ஓர் அதிகாரி

குழாயில் துருத்தண்ணீர் வந்து, லாண்டரிக்காரியிடம் வந்த வெள்ளைச் சட்டைகளெல்லாம் பழுப்பாகிவிட்டன. ஒரு சட்டையைச் சுருட்டிக்கொண்டு, தண்ணீர்க் கம்பெனியைக் கண்காணிக்கும் அரசு அதிகாரியிடம் போய் நின்றாள்.

"தண்ணி விடுறது கம்பெனிதானே? அங்க போய்க் கேளும்மா," என்று கையை விரித்தார் அவர்.

மாதக்கணக்கில் கம்பெனி வாசலில் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். ஒருவழியாக உள்ளே விட்டார்கள். ஏசி அறையில் புது மேனேஜராக உட்கார்ந்திருந்தவர் அதே அதிகாரி! பணி ஓய்வு மாலை வாடுமுன்னே இங்கே சேர்ந்துவிட்டாராம். சட்டையை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை.

"எங்களைத் தட்டிக்கேக்க அரசாங்கத்துல ஓர் அதிகாரி இருக்காரும்மா. அவர்கிட்ட சொல்லு."

"போய்ப் பார்த்தேன் சார். நாற்காலி காலியா இருக்கு," என்றாள் அவள். "நீங்க உட்கார்ந்திருந்தப்பவும் காலியாத்தான் இருந்துச்சு."