ஒரு கடி அப்பளம்

சத்யப்ரியாவுக்கு உடம்பில் தடிப்புக் கிளம்பி ஒன்பது மாதம் ஆகிவிட்டது. பாவாடை நாடா இறுகிய இடுப்பு, கைப்பை தொங்கிய தோள் என்று எங்கே அழுத்தம் பட்டாலும் சப்பாத்தி கணக்காக வீங்கும். மெடிக்கலில் கேட்டு வாங்கிய முதல் மாத்திரை அரிப்பை அடக்கியது, கூடவே ஆளையும் சாய்த்தது. யூ.கே.ஜி. டீச்சர் மேஜையில் தலை வைத்துத் தூங்க, முப்பது பிள்ளைகளும் சமர்த்தாகத் தாங்களும் தூங்கினார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தில் அவ்வளவு அமைதியான மத்தியானம் அதற்கு முன் கிடையாது.

அப்புறம்தான் தோல் டாக்டர் தூக்கம் வராத மாத்திரை எழுதினார். "அரிப்பு நின்னாலும் நிறுத்தக் கூடாதும்மா. நான் சொல்ற வரைக்கும் தினம் ஒண்ணு."

மாமியார் அழகம்மாள் இதை வியாதியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. "இது ஆத்தா போட்டது. அம்மைக்கு மருந்து குடுப்பாகளா? மாத்திரை எதுவும் உள்ள போகக் கூடாது. நான் ஒரு மண்டலம் உப்பில்லாமச் சாப்பிடுறேன். தடிப்பு அமுங்குனா தெப்பக்குளம் மாரியாத்தாளுக்கு உப்பும் மிளகும் கொட்டுறேன்" என்று விரதம் பிடித்துவிட்டாள். பெற்ற தாய்கூட இப்படி நேர்ந்துகொள்வாளா என்பது சந்தேகம். அதற்கு எதிரே நின்று பேச சத்யப்ரியாவுக்கு வாய் வரவில்லை. மாத்திரை அட்டையைச் சாக்பீஸ் டப்பாவுக்குள் போட்டுக் கைப்பையில் ஒளித்துக்கொண்டாள்.

பத்தாம் நாள் தடிப்பு அமுங்கியது. "ஆத்தா கண்ணத் தொறந்துட்டா" என்று வில்லாபுரம் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள் அழகம்மாள். அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள் மருமகள். மாமியார் உப்பில்லாத கஞ்சியை முகம் சுளிக்காமல் குடிக்க, எதிரே இவள் உப்பும் உறைப்புமாகக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டாள். ஒரு வாய்கூட நிம்மதியாக இறங்கவில்லை.

முப்பத்தோராம் நாள் குழாயடியில் அழகம்மாள் கிறுகிறுத்து விழுந்தாள். குடம் நசுங்கியது, முழங்கை சிராய்த்தது.

"அத்தே, போதும். விரதத்த விட்ருங்க."

"பாதியில விட்டா உனக்குத்தான் திரும்ப வரும். பேசாம இரு."

அந்தச் சிராய்ப்புக்கு மஞ்சள் பற்றுப் போட்ட கை சத்யப்ரியாவுக்குக் கூசியது.

கடைசியில் செய்தாளே, அதுதான் பெரிய கூத்து. மாமியார் விரதத்தைப் பொய்யாக்கிவிட்டோமே, முடியும் நேரத்திலாவது மெய்யாக்குவோம் என்று மாத்திரையை நிறுத்தினாள். இரண்டு நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை, விரதம் முடிக்கத் தெப்பக்குளம் கோயில் வரிசையில் நின்றபோது முதுகு தினவெடுத்தது. சன்னதியை நெருங்குவதற்குள் கழுத்து, கை, கன்னமெல்லாம் தடித்து, உதடு ஒரு பக்கம் வீங்கிவிட்டது.

உப்பும் மிளகும் வைத்த தட்டோடு திரும்பிப் பார்த்த அழகம்மாளின் முகம் செத்துப்போனது. தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"என்மேலதான் குத்தம் ஆத்தா! எதுத்த வீட்டு முத்துமீனா வச்ச விசேசத்துல மறதியா அப்பளத்த ஒரு கடி கடிச்சிட்டேன். இன்னொரு மண்டலம் இருக்கேன். பங்குனிக்குத் தீச்சட்டியும் எடுக்குறேன். எம்பிள்ளைய விட்ரு!"

ஒரு கடி அப்பளத்துக்குத் தீச்சட்டி. சத்யப்ரியாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"அத்தே, உங்க அப்பளத்தால இல்ல. நான் மாத்திரை சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். மூணு நாளா நிறுத்திட்டேன். அதான்."

"எப்பருந்து சாப்பிட்ட?"

"மொத நாள்லருந்தே."

"நான் குழாயடியில விழுந்தப்பவும்?"

"ஆமா அத்தே."

அழகம்மாள் தட்டை எடுத்துப் போய் உப்பையும் மிளகையும் கொட்டிவிட்டு வந்தாள். "மாத்திரை இருக்கா?" சாக்பீஸ் டப்பா வெளியே வந்தது. தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். மருமகள் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

மத்தியானம் நாற்பத்தெட்டு நாளைக்குப் பிறகு அவள் தட்டில் உப்புப் போட்ட சாம்பார் விழுந்தது. முதல் வாயிலேயே கண் கலங்கியது.

"உப்புக் கூடிப்போச்சா அத்தே?"

"இல்ல, சரியாத்தான் இருக்கு" என்றாள் அழகம்மாள். "நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா, மாத்திரைக்கும் சேத்துல்ல வேண்டியிருப்பேன்."