மறித்தவள்

மாரித்தாய் வந்து கதவைத் தட்டியபோது நான் தோசைக்கு அரைத்துக்கொண்டிருந்தேன். சித்திரபுரம் கரண்டாபீஸ் குவார்ட்டர்ஸில் யாருக்குப் போன் வந்தாலும் கீழே ஆபீசுக்குத்தான் வரும். அங்கே இருக்கிற கிளார்க், தண்ணீருக்கு அந்தப் பக்கம் போகிற பெண்கள் யாரிடமாவது விஷயத்தைச் சொல்லி அனுப்புவார். அன்றைக்கு அவர் கண்ணில் பட்டவள் மாரித்தாய். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு மலையேறி மூன்று மாதம்கூட ஆகாதவள். மலையாளம் ஒரு சொல் தெரியாது. தெரியாது என்று காட்டிக்கொள்ளவும் மாட்டாள்.

"யக்கா, ஒங்க ஊர்லருந்து போன் வந்துச்சாம். ஒங்க அம்மா பஸ்ஸ மறிச்சிட்டாகளாம். ஒடனே வரச் சொல்லுதாகளாம்."

நான் சிரித்தேன். லேசாக இல்லை, ஆட்டுக்கல்லைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். "மறுபடியுமா!" என்றேன். இப்படிச் சிரித்ததை யாரிடமும் சொல்ல முடியாமல்தான் அதற்கப்புறம் பதினாறு நாள் தவித்தேன்.

சிரித்ததற்குக் காரணம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால், எழுபத்திரண்டில், அம்மா பஸ்ஸை மறித்தவள்தான். பாலக்காட்டில் பெருமாட்டிப் பக்கம் எங்கள் ஊரான கரட்டுமேட்டில் பஸ் நிற்காது. பொள்ளாச்சி ஆஸ்பத்திரிக்குப் போகிற பிள்ளைத்தாச்சியும் கோபாலபுரம் செக்போஸ்ட் வரைக்கும் நடக்கவேண்டும். அம்மா ஒருநாள் காலையில் முப்பது பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் ரோட்டில் நின்றாள். மறியல் என்றால் உட்காருவார்கள், கோஷம் போடுவார்கள். அம்மா மயிலாத்தாளுக்கு அதெல்லாம் ஒத்துவராது. பஸ்ஸைச் சுற்றிக் கும்மியடிக்க வைத்தாள்.

நிக்காமப் போற டிரைவரண்ணே – நீ
நின்னுட்டுப் போனா என்ன கொறை?
பெத்தவ கையக் காட்டி நின்னா – வண்டி
பிரேக்கப் புடிப்பியோ மாட்டியோ?

டிரைவர் ஆத்திரத்தில் ஹாரனை அமுக்கினாராம். அம்மா அந்த ஹாரனையே தாளமாக எடுத்துக்கொண்டு அடியை மாற்றினாளாம். மூன்றாவது சுற்றில் டிரைவரே சிரித்துவிட்டார். மறுநாளிலிருந்து பஸ் நின்றது. அண்ணன் காளிச்சாமி மட்டும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒரு தென்னைமரத்துக்குப் பின்னால் நின்றிருக்கிறான். மானம் போகிறது என்று அவன்தான் எனக்கு 'உடனே வா' என்று தந்தி அடித்தான். மூணாறு, மறையூர், உடுமலை, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறி, பதறியடித்துக்கொண்டு போய் இறங்கினால் அம்மா வாசலில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். "வா சாமி. இந்தப் பாட்டுல கடைசி அடி ஆளுக்கொண்ணு சொல்றாங்க. எது எடுப்பா இருக்குதுன்னு நீ சொல்லு" என்றாள்.

அவள் கட்டுகிற எந்தப் பாட்டுக்கும் கடைசி அடி இருக்காது. பாடுகிறவர்கள் போட்டுக்கொள்ள வேண்டும். "முழுசா நானே கட்டிட்டா அது என்ற பாட்டு ஆயிரும். ஊருப் பாட்டு ஆகோணுமில்ல" என்பாள். எழுதப் படிக்கத் தெரியாது. அம்மை குத்த வந்தவர்களைக் கண்டு பிள்ளைகள் கரும்புக்காட்டுக்குள் ஓடி ஒளிந்தபோது, பழைய சேலையைக் கிழித்து ஒரு பொம்மை தைத்து, முதல் குத்து அதற்குப் போடச் சொன்னாள். பொம்மை "ஐயோ" என்று அழுதது. அழுதவள் இவள்தான். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே கையை நீட்டின. ஊரில் எந்த வேலையும் அவளுக்கு விளையாட்டாகத்தான் தொடங்கும், ஆனால் வேலை முடியாமல் அவள் வீட்டுக்கு வரமாட்டாள்.

அதுதான் எனக்கு ஆகாது. என் மகள் ஜோதிமணிக்கு ஐந்து வயதில் விஷக்காய்ச்சல் வந்து நான்கு நாள் கண் திறக்காமல் கிடந்தாள். ஆள்விட்டுச் சொல்லியும் அம்மா ஐந்தாம் நாள்தான் வந்தாள். பள்ளிக்கூடத்துக் கிணற்றில் தூர் எடுத்துக்கொண்டிருந்தார்களாம், பாதியில் விட முடியவில்லையாம். அதை நான் மறக்கவே இல்லை. போன தீபாவளிக்குப் போயிருந்தபோது ஏதோ பேச்சில் அது கிளம்பிவிட்டது. "ஊர்ல ஒருத்தருக்காச்சும் நீ லேட்டாப் போயிருக்கியா? எனக்கு மட்டுந்தான் லேட்டு. இரு, நானும் உனக்கு லேட்டாத்தான் வருவேன், பாரு" என்று கத்தினேன். அண்ணன் மாட்டுக் கட்டுத்தறியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

ஆக, மாரித்தாய் வந்து சொன்னதும் நான் கிளம்பவில்லை. ஒருதடவை ஏமாந்தது போதும் என்று நினைத்தேன். என் வீட்டுக்காரர் அப்புசாமி கரண்டு லைன் வேலைக்கு மலைமேல் போயிருந்தார், கேட்கவும் ஆளில்லை. சாயங்காலம் குவார்ட்டர்ஸ் பெண்களைக் கூட்டிவைத்து அம்மாவின் பஸ் கதையைச் சொன்னேன். எப்படி ஆடினார்கள் என்று மாரித்தாய் கேட்டாள். ஆடிக் காட்டினேன். பதினோரு பேர் சேர்ந்துவிட்டோம். ஜோதிமணியும் குதித்தாள். பக்கத்து வரிசை வீடுகளிலிருந்து ஆண்கள்கூட வந்து எட்டிப் பார்த்தார்கள். அவ்வளவு சந்தோஷமாக அந்த மலையில் நான் இருந்ததே இல்லை.

மறுநாள் மத்தியானம் என் வீட்டுக்காரர் ஆபீஸ் வழியாக வந்தார். கிளார்க் அவரைப் பார்த்துத் திகைத்துப்போய், "நீங்க இன்னும் போயில்லே?" என்று கேட்டிருக்கிறார். கிளார்க் முதல்நாள் சொல்லி அனுப்பியது இதுதான்: "பஸ் ஸ்டாப்பில் வெச்சு அம்ம மரிச்சு. வேகம் வரான் பறயணம்." மரிச்சு. மலையாளத்தில் இறந்துவிட்டாள் என்று அர்த்தம். அந்தச் சொல் அப்படியே என் காதுக்கு வந்திருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். நான் பாலக்காட்டுக்காரி. மாரித்தாய் தனக்குத் தெரிந்த சொல்லாக அதை மாற்றிக்கொண்டாள். சின்ன 'ர'வைப் பெரிய 'ற'வாக்கி, பஸ் ஸ்டாப்பைப் பஸ்ஸாக்கிக்கொண்டாள். அவளைக் குற்றம் சொல்லி என்ன பயன்? நம்பியது நான்.

ஊர் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது. காலை பத்துமணி வரைக்கும் எனக்காக வைத்திருந்தார்களாம். அண்ணனுக்குப் பிள்ளைகள் இல்லை. அம்மாவுக்குப் பேத்தி என்றால் ஜோதிமணி ஒருத்திதான். நெய்ப்பந்தம் பிடிக்க அவள் இல்லாமல், ஊரில் இத்தனை பிரசவம் பார்த்தவளுக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூட்டிவந்து பந்தம் பிடிக்க வைத்திருக்கிறார்கள். அண்ணன் என்னைப் பார்த்து ஒரே ஒரு தடவை பேசினான்.

"லேட்டாத்தான் வருவேன்னு சொன்னே. சொன்ன மாதிரியே வந்துட்டே."

நான் சொல்லியிருக்கலாம். ஆனால் என்னவென்று சொல்வது? போன் வந்தது, சிரித்தேன், கும்மியடித்தேன் என்றா? கருமாதி வரைக்கும் எனக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினேன். கிணற்றடிக்குப் போய் எதற்குப் போனேன் என்று மறந்து திரும்பினேன். அண்ணன் தனியாக இருக்கிற நேரம் பார்த்துக் கட்டுத்தறி வரைக்கும் போவேன். அவன் நிமிர்ந்து பார்த்தால், "மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சுங்களா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன். ஊர்ப் பெண்கள் என்னிடம் மரியாதையாகப் பேசினார்கள். அந்த மரியாதை தாங்க முடியவில்லை. ஜோதிமணியைக் கூப்பிட்டு, அன்றைக்கு ஆடியதைப் பற்றி வாய் திறக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

கருமாதியன்று சாப்பாடு முடிந்து பெண்கள் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவோடு சின்ன வயதிலிருந்து சேர்ந்து திரிந்த பழனாத்தாள் அத்தை ஜோதிமணியை மடியில் சாய்த்துத் தலையைக் கோதிக்கொண்டிருந்தாள். பிள்ளை தூக்கக் கலக்கத்தில் கையை மெல்லத் தட்டிக்கொண்டே முணுமுணுத்தது. நிக்காமப் போற டிரைவரண்ணே...

அத்தையின் கை நின்றது. "அட, இந்தப் பாட்டு உனக்கு எப்படிக் கண்ணு தெரியும்? அமுச்சி சொல்லிக் குடுத்தாளா?"

"இல்லீங் அப்பத்தா. அமுச்சி செத்த அன்னைக்கு எங்கம்மாதான் சொல்லிக் குடுத்துச்சு. நாங்க எல்லாரும் ஆடுனோம்."

அண்ணன் மிச்சச் சோற்றுக் குண்டாவைத் தூக்கிக்கொண்டு அந்த வழியாக வந்தவன் அப்படியே நின்றுவிட்டான். இனி மறைக்க ஒன்றும் இல்லை. நான் எழுந்து நின்று சொல்லத் தொடங்கினேன். மாரித்தாய், கிளார்க், மரிச்சு, மறிச்சு, ஆட்டுக்கல், சிரிப்பு, பதினோரு பேர். முன்னதைப் பின்னதாகவும் பின்னதை முன்னதாகவும் சொன்னேன். "பஸ்ஸை மறிச்சிட்டான்னு நெனச்சுட்டேனுங். அதுதான் வரலீங். சிரிச்சுட்டு இருந்துட்டேனுங்" என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அம்மாவுக்காக நான் சரியாக அழுததே அப்போதுதான்.

பழனாத்தாள் அத்தை என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு பொக்கை வாயைத் திறந்து சிரித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"மறிக்கத்தான் செஞ்சா சாமி. அந்தப் புள்ள சொன்னது நெசந்தான். கைக்கொழந்தையோட ஒருத்தி தூரத்துல ஓடி வந்தா. பஸ்ஸுக்காரன் எடுத்துட்டான். உன்ற அம்மா ரோட்டுல எறங்கிக் கையக் காட்டி மறிச்சா. நின்னுச்சு. அந்தப் பொம்பள ஏறுனா. நீயும் ஏறு மயிலான்னேன். இவ ஏறுல. ஷுக்கூர் பாய் கடைப் பலகையில உக்காந்தா. நெஞ்சு ஒரு மாதிரியா இருக்குதுன்னா. அவ்வளவுதான். பஸ்ஸு திருப்பந்தாண்டறதுக்கு முன்னாடி போயிட்டா."

அண்ணன் குண்டாவைக் கீழே வைத்தான். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய்விட்டான். சாயங்காலம் வரை வரவில்லை.

என் வீட்டுக்காரர் வேலைக்கு முன்னமே திரும்பிவிட்டார்; மறுநாள் காலை நானும் ஜோதிமணியும் கிளம்பினோம். பையை அவனே எடுத்துக்கொண்டான். வழிநெடுக அவன் முன்னால் நடந்தான், நாங்கள் பின்னால். பஸ் ஸ்டாப்பில் ஷுக்கூர் பாய் கடை வாசலில் அந்தப் பலகை கிடந்தது. யாரும் அதில் உட்காரவில்லை. புது டிரைவர் வந்து ஒரு வாரமாகப் பஸ் மறுபடியும் நிற்காமல் போகிறது என்று பாய் சொன்னார். செக்போஸ்டுக்கே நடந்துவிடலாமா என்று நான் கேட்டேன். அண்ணன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அன்னைக்கு எத்தனை பேரு ஆடுனீங்க?"

"பதினோரு பேருங்ணா."

"கடைசி அடி என்ன போட்டீங்க?"

"போடலீங்ணா. ஆளுக்கொண்ணு சொல்லிச் சண்டை போட்டுட்டோம்."

அவன் உதடு லேசாக அசைந்தது. சிரித்தானா என்று தெரியவில்லை. அதற்குள் சித்தூர்ப் பக்கத்துத் திருப்பத்தில் புழுதி கிளம்பியது. பஸ் வேகம் குறையாமல் வந்தது. நான் கையைக் காட்டினேன். குறையவில்லை. அண்ணன் பையை என் காலடியில் வைத்தான்.

"புள்ளையப் புடிச்சுட்டு அக்கட்டால ஓரமா நில்லு" என்றான்.

தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு நடுரோட்டுக்குப் போனான். எங்கே நிற்பது என்று தெரியாதவன்போல ஓரடி முன்னால் வைத்தான், ஓரடி பின்னால் வைத்தான், பிறகு நின்றான். டிரைவர் ஹாரனை அமுக்கியவர் கையை எடுக்கவே இல்லை. ஜோதிமணி என் பிடியில் இருந்துகொண்டே அந்தச் சத்தத்துக்குக் கைதட்ட ஆரம்பித்தாள்.